பத்தாயிரம் ரூபாய் எஸ்டிமேட்: கோவில்பட்டியில் 980 சதுர அடி வீடு கட்டிய கணக்கு

வீடு கட்டுவதற்கு முன்னால் எஸ்டிமேட்டுக்கென்று தனியாக ஒருவரிடம் பணம் கொடுக்க வேண்டுமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். நாங்கள் கொடுத்தோம். 10,000 ரூபாய். அதில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். பதினாறு வருஷம் சேர்த்த பணம் 14 லட்சம், வங்கிக் கடன் 22 லட்சம். மொத்தம் 36 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கும் வழி கிடையாது.

எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தவர் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறைதான் அவருடைய ஆபீஸ். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் சார் என்றே எழுதுகிறேன். அவர் வீடு கட்டித் தருவதில்லை. எந்தக் காண்ட்ராக்டரையும் கை காட்டுவதுமில்லை. அளந்து, கணக்குப் போட்டு, எழுதிக் கொடுப்பார். வேலை நடக்கும்போது கூப்பிட்டால் வந்து அளவு சரிபார்ப்பார், அதற்கு ஒரு தடவைக்கு 1,500 ரூபாய்.

நாங்கள் போனதற்குக் காரணம் என் அண்ணன் வீடு. நல்ல காண்ட்ராக்டர்தான், யாரும் ஏமாற்றவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். வீடு லிண்டல் மட்டத்தில், அதாவது வாசல் ஜன்னலுக்கு மேல்விளிம்பு வரை வந்து, இரண்டு வருஷம் நின்றது. மழையில் கம்பி துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததை ஒவ்வொரு தீபாவளிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மதினி நகையெல்லாம் அடகுக்குப் போய்த்தான் ரூஃப் போட்டார்கள். பணம் எங்கே போனது என்று அண்ணனால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எனக்கு அது மனதில் ஒரு முள்ளாகவே இருந்தது.

எங்களுக்கு மூன்று சென்ட் மனை. 2024 ஆடியில் ஒரு காண்ட்ராக்டரிடம் பேசியபோது சதுர அடிக்கு 2,200 சொன்னார். 1,050 சதுர அடிக்கு 23 லட்சத்து 10 ஆயிரம். கையில் 36 இருக்கிறதே, மாடியில் ஒரு அறைகூடப் போடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாளைத்தான் முதலில் சாரிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"டீச்சர், இதில் என்னென்ன இல்லை என்று அவர் எழுதித் தந்தாரா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். "அதைத்தான் நான் எழுதித் தருவேன்" என்றார்.

முதலில் அவர் கேட்டது ஜேசிபி. மனையின் நடுவில் ஒரு குழி தோண்டிப் பார்க்காமல் கணக்குப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் அஸ்திவாரத்தை உட்கார வைத்தால் சுவரும் சேர்ந்து வெடிக்கும். கரிசலைத் தாண்டிக் கீழே சுக்கான் என்கிற கெட்டியான சுண்ணாம்பு மண் வரும் இடத்தில்தான் உட்கார வைக்க வேண்டும். எங்கள் மனையில் சுக்கான் ஆறரை அடியில் வந்தது. காண்ட்ராக்டர் நாலடி என்று வைத்துத்தான் விலை சொல்லியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. பக்கத்துத் தெருவில் நாலடியில் கிடைத்திருக்கிறது. ஆனால் நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு தோண்டியிருந்தால் அந்த இரண்டரை அடிக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் எங்கிருந்து வந்திருக்கும்? அந்தக் குழிக்கு ஜேசிபிக்காரருக்குக் கொடுத்தது 1,200 ரூபாய்.

அடுத்தது ரோடு. ரோடு எங்கள் மனையைவிட ஒன்றரை அடி உயரம். ரோடு போடும் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஏறும். காண்ட்ராக்டர் தாளில் பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் உயரம், இரண்டடி என்று இருந்தது. எங்கிருந்து இரண்டடி? மனை மட்டத்தில் இருந்து. அப்படியென்றால் ரோட்டுக்கு மேல் அரையடிதான் நிற்கும். மூன்றரை அடி வேண்டும் என்று சார் எழுதினார். கூடுதல் சுவர், கூடுதல் கிராவல், தண்ணீர் விட்டுத் திமிசு போடும் கூலி எல்லாம் சேர்த்து 90 ஆயிரம். கிராவல் கொட்டி இறுக்கினால் அமுங்கும், அதனால் கணக்கில் 13 யூனிட் வந்தால் 16 யூனிட் வாங்க வேண்டும் என்பதுகூட அதில் எழுதியிருந்தது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரிக்காரர் யூனிட் என்று சொல்வதை டேப் வைத்து அளந்து பார்க்க நான் கற்றுக்கொண்டது இதில்தான்.

பத்து நாளில் தருகிறேன் என்று சொன்னவர் 24 நாள் எடுத்துக்கொண்டார். அது எனக்கு வருத்தம்தான். மூன்று தடவை நடந்தேன். போனில் எடுக்க மாட்டார், காலையில் 11 மணிக்குள் நேரில் போனால்தான் உண்டு. ஆனால் வந்த தாள் 19 பக்கம். மண் தோண்டுவது, கல் கட்டு, அதன் மேல் ஓடும் கான்கிரீட் பெல்ட், செங்கல் கட்டு, கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் போட்டு, வாசல் ஜன்னல் இடத்தைக் கழித்து இருந்தது. வீட்டு உடம்புக்கு அவர் கணக்கில் வந்த தொகை காண்ட்ராக்டர் சொன்னதற்குக் கிட்டத்தட்ட சமம்தான். அதனால் 23 லட்சத்து 10 ஆயிரம் என்றே வைத்துக்கொள்கிறேன். விஷயம் கடைசி இரண்டு பக்கத்தில் இருந்தது.

அதில் அஸ்திவாரமும் கிராவலும் போக, இவையெல்லாம் இருந்தன. சம்ப் என்கிற தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி 95 ஆயிரம், செப்டிக் டேங்க் 80 ஆயிரம். காம்பவுண்டு சுவரும் கேட்டும் 1 லட்சத்து 85 ஆயிரம். மின் இணைப்புக்கு 35 ஆயிரம். வரைபட அனுமதி, நகராட்சிக் கட்டணம், தொழிலாளர் நல நிதி எல்லாம் 82 ஆயிரம். கட்டுவதற்குத் தண்ணீர் 40 ஆயிரம். சமையலறை அலமாரி, பரண் கதவு 1 லட்சத்து 60 ஆயிரம். ஃபேன், லைட் 45 ஆயிரம். தலைவாசலுக்குத் தேக்கு வேண்டுமென்றால் 40 ஆயிரம் கூடுதல். மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ் 95 ஆயிரம். அப்புறம் படிக்கட்டுக்கு மேலே வரும் ஹெட்ரூம். அது 100 சதுர அடி, அதையும் 2,200 போட்டு வீட்டோடு சேர்த்துத்தான் அளப்பார்கள் என்று எழுதி 2 லட்சத்து 20 ஆயிரம். எல்லாம் கூட்டினால் 13 லட்சத்து 2 ஆயிரம்.

அதற்குக் கீழே தனியாக ஒரு கட்டம் போட்டு, ஒன்பது மாத வாடகையும், வீடு முடியும் வரை வங்கிக்குக் கட்டும் வட்டியும் 1 லட்சத்து 52 ஆயிரம் என்று எழுதியிருந்தார். இதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வீடு கட்டும் செலவில் வாடகை சேரும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஆனால் அதே பாக்கெட்டில் இருந்துதானே போகிறது.

ஆக 37 லட்சத்து 64 ஆயிரம். எங்களிடம் 36. அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாடி அறைப் பேச்சு அன்றோடு நின்றது.

இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் முதல் மார்க் இதற்குத்தான். மறுநாள் போனபோது சார் எங்களைக் கடன் கூட்டி வாங்கச் சொல்லவில்லை. தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார். எதை இப்போது செய்யாவிட்டால் பின்னால் செய்யவே முடியாதோ அதில் கை வைக்கக் கூடாது, எதைப் பின்னால் செய்யலாமோ அதில் மட்டும் குறைக்க வேண்டும் என்றார். அஸ்திவாரம், கம்பி, பேஸ்மட்ட உயரம், சுவருக்குள் போகும் பைப் இதெல்லாம் முதல் வகை. போர்ட்டிகோவைச் சுருக்கி 70 சதுர அடி குறைத்தோம், 1 லட்சத்து 54 ஆயிரம் மிச்சம். ஹெட்ரூம் வேண்டாம், வெளிப்பக்கம் திறந்த படி போதும் என்று முடிவு செய்ததில் 1 லட்சத்து 40 ஆயிரம். சமையலறையில் சிங்குக்குக் கீழே மட்டும் இப்போது கதவு, மற்றது இரண்டு வருஷம் கழித்து என்றதில் 1 லட்சத்து 10 ஆயிரம். 33 லட்சத்து 60 ஆயிரத்தில் வந்து நின்றது. மீதி 2 லட்சத்து 40 ஆயிரத்தைத் தொடக் கூடாது என்று தனிக் கணக்கில் போடச் சொன்னார். போட்டோம்.

வங்கி விஷயத்திலும் அவர் பிடிவாதம்தான். கடன் கூடக் கிடைப்பதற்காக வங்கிக்கு ஒரு எஸ்டிமேட், வீட்டுக்கு ஒரு எஸ்டிமேட் என்று வாங்குவது எங்கள் ஊரில் சகஜம். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு எஸ்டிமேட்தான் தம்பி" என்று முடித்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் செய்து கொடுத்தது வேறொன்று. எந்த மட்டத்தில் எவ்வளவு பணம் தேவை, அப்போது வங்கி எவ்வளவு விடும் என்று ஒரு பக்கம் எழுதித் தந்தார். வங்கி முதலில் நம் பணத்தைப் போடச் சொல்லும், பிறகு வேலை முடிந்த அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் விடும். நாம் விண்ணப்பம் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து பார்த்து, பணம் கணக்கில் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த வாரங்களில் கொத்தனாருக்குச் சனிக்கிழமை கூலி நிற்காது. எந்த மட்டத்தில் எவ்வளவு தேவை என்று இப்படி ஒரு பக்கம் இல்லாததால்தான் அண்ணன் வீடு நின்றது என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அனுமதி வேலை சுலபமாக முடிந்தது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறை கொண்டுவந்திருந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனே அனுமதி. கட்டணம் கட்டினோம், தாள் வந்துவிட்டது. உடனே ஆரம்பிக்க நினைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசலில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் தண்ணீர் இறைக்கிற செலவு ஒரு தனிச் செலவு, தை பிறக்கட்டும் என்று சார் நிறுத்திவைத்தார்.

2025 தையில் மனை பூஜை போட்டோம். இத்தனை விவரம் கையில் இருந்ததால் காண்ட்ராக்டரிடம் மொத்தமாக விடாமல், பொருள் நாங்கள் வாங்கி, கூலிக்கு மட்டும் ஒரு கொத்தனார் அண்ணாச்சியிடம் பேசினோம். இது எல்லோருக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். தினமும் காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் போய் நிற்க முடிந்தால் மட்டும் செய்யலாம். எங்களுக்கு மனை பள்ளிக்கூடத்தில் இருந்து நடக்கிற தூரம்.

கம்பி கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பியின் தடிமனை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மில்லி கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.888. கடையில் வரும் கம்பி 12 மீட்டர், அப்படியென்றால் ஒரு கம்பி பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சார் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது என் பிள்ளைகள்கூடப் போட்டுவிடுவார்களே என்று தோன்றியது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. முதல் லோடு வந்தபோது கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பார்த்தேன். பில்லில் இருந்ததைவிட 38 கிலோ குறைந்தது. கடைக்காரரிடம் தாளைக் காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் அனுப்பிவைத்தார், அதற்கப்புறம் எல்லா லோடும் எடை மேடைச் சீட்டோடு வந்தது.

ரூஃப் போடுவதற்கு முன் கம்பி கட்டுகிறவர் 1,800 கிலோ வேண்டும் என்றார். எஸ்டிமேட்டில் 1,240. எனக்குப் பயமாகிவிட்டது. கம்பியில் மிச்சம் பிடித்து வீட்டைக் கெடுத்துவிடுவோமோ என்று சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, எந்த இடத்தில் எத்தனை இன்ச் இடைவெளி, எங்கே வளைத்து மேலே ஏற்ற வேண்டும் என்று கம்பி கட்டுகிறவரோடு தரையில் சாக்பீஸால் வரைந்து பேசினார். அவரும் அனுபவசாலி, புரிந்துகொண்டார். 1,265 கிலோவில் முடிந்தது. கான்கிரீட் அன்று சிமெண்டு 118 மூட்டை என்று எழுதியிருந்தது, 121 ஆனது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிச் சட்டி ஏறியபோது கீழே ஒரு கைப்பிடி ஜல்லியும் பிரிக்காத இரண்டு மூட்டையும்தான் மிச்சம். கொத்தனார் அண்ணாச்சி, "டீச்சரம்மா, முப்பது வருஷத்தில் இப்படிக் கணக்காக ஒரு வீட்டில் போட்டதில்லை" என்றார். நான் அழுதுவிட்டேன்.

எஸ்டிமேட் தவறிய இடங்களையும் சொல்ல வேண்டும். முடிவில் 35 லட்சத்து 15 ஆயிரம் ஆனது. 1 லட்சத்து 55 ஆயிரம் கூடுதல். தனிக் கணக்கில் இருந்து எடுத்தோம்.

மின்சார வேலையில் அவர் பலவீனம். லைட், ஃபேன், பிளக் வைக்கிற இடங்கள் 62 பாயிண்ட் என்று போட்டிருந்தார், 81 ஆனது. ஏசி லைனும் இன்வெர்ட்டர் லைனும் கணக்கிலேயே இல்லை. இந்தக் காலத்தில் மகன் படிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் மட்டும் நாலு பிளக் கேட்கிறான். அதில் 48 ஆயிரம் போனது. எலக்ட்ரீஷியன் ஒருவரைத் தனியாக உட்கார வைத்து, அறை அறையாகக் குறித்து வாங்குவதுதான் சரி. டைல்ஸுக்கு அவர் போட்ட விலையில் எங்கள் ஊர்க் கடைகளில் நல்லது கிடைக்கவில்லை, 42 ஆயிரம் கூடியது. சித்திரை வெயிலில் டிராக்டர் தண்ணீர் விலை ஏறிப் பூச்சு வேலைக்கும் நனைப்புக்கும் 37 ஆயிரம் கூடுதல். நனைப்பதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. கான்கிரீட்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும் என்று பாத்தி கட்டி நிறுத்தினோம்.

இன்னொரு 28 ஆயிரம் அவர் நினைத்தே பார்க்காத செலவு. நிலை வைக்கும் அன்று கொத்தனார், ஆசாரி, சித்தாள் எல்லோருக்கும் வேட்டி, சேலை, சாப்பாடு. ரூஃப் அன்று ஆட்டுக்கறிச் சாப்பாடு. பால் காய்ச்சும் அன்று ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு தொகை. கேட்டதற்கு, அது இன்ஜினியர் எழுதுகிற கணக்கு இல்லையே டீச்சர் என்றார். என் கருத்து வேறு. அது இல்லாமல் நம் பக்கம் ஒரு வீடும் எழும்புவதில்லை, எழும்பவும் வேண்டாம். அதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

தாள் முழுக்கக் கன மீட்டரில் இருப்பதும் ஒரு கஷ்டம். கடையில் யூனிட், கன அடி, மூட்டை. நான் ஒரு கன மீட்டர் 35.3 கன அடி என்று சுவரில் எழுதிவைத்து ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டேன். கணக்கு பழகாதவர்கள் மாற்றித் தரும்படி முதலிலேயே கேட்டு வாங்குங்கள், கேட்டால் செய்து தருகிறார்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். காம்பவுண்டு சுவரை மட்டும் நிறுத்திவைத்திருந்தோம், பணம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துச் செய்யலாம் என்று. செப்டம்பர் 22-ஆம் தேதி சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது வாங்கிய மூட்டைகளுக்கு 25 ரூபாய் போல விலை இறங்கியிருந்தது. சுவர் புரட்டாசிக் கடைசியில் முடிந்தது. தனிக் கணக்கில் இப்போதும் 85 ஆயிரம் இருக்கிறது. சமையலறைக் கதவுக்கு அதைத்தான் தொடப் போகிறோம்.

எஸ்டிமேட்டுக்கு 10,000, ஆறு தடவை வந்து அளந்ததற்கு 9,000. மொத்தம் 19,000. யாராவது போவதென்றால் பத்திர நகல், மனையின் புலப்பட வரைபடம், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்கிற உண்மையான தொகை, இந்த மூன்றோடும் போங்கள். தொகையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மாதம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மாடி எடுக்க வேண்டும் என்கிறார். அடுத்த சனிக்கிழமை காலையில் பத்து மணிக்கு அவரையும் மதினியையும் சாரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.